எச்சரிக்கை: பெயிண்ட் அடித்த பிறகு போய்ப் பார்க்காதீர்கள்

கீழக்கரை முதல் பாம்பன் வரை, அடியில் சாமான் பெட்டி வைத்த இரும்புக் கட்டில் செய்யக் கொடுப்பவர்கள் ஒரு நிமிடம் நின்று படியுங்கள். இந்தக் கரையில் ஒரு பட்டறை செய்து கொடுத்த ஆறரைக்கு ஐந்தடிக் கட்டிலைப் பிரித்துப் பார்த்ததில் தெரிந்தவை இவை. பேசியது 40×40 மி.மீ. அளவில், தகடு 2 மி.மீ. கனமுள்ள ஸ்கொயர் பைப் (சதுரக் குழாய்). போட்டிருந்தது 1.2.

பேச்சிலேயே ஏமாற்று தொடங்குகிறது. "18 கேஜ் போடுறேன், 16-ஐ விட நல்லது" என்பார்கள். கேஜ் எண் ஏற ஏறத் தகடு மெலியும்: 14 என்றால் 2 மி.மீ., 16 என்றால் 1.6, 18 என்றால் 1.2. எனவே மி.மீ. கணக்கில் மட்டும் பேசுங்கள். 20 அடி நீளம் 2 மி.மீ. பைப் சுமார் 14 கிலோ இருக்கும், 1.2 என்றால் 9 கிலோவுக்குள். மேல் கீழ்ச் சட்டங்கள், ஆறு கால், நடுச்சட்டம் எல்லாம் சேர்த்து இப்படி மூன்று 20 அடிப் பைப் பிடிக்கும். அதில் மட்டும் சுமார் 15 கிலோ இரும்பின் காசு போய்விடுகிறது. வெட்டிய முனையில் வெர்னியர் (கனம் அளக்கும் கருவி) வைத்தால் அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். முனையை மூடிப் பெயிண்ட் அடித்த பிறகு தெரியாது.

காசோடு போனால் பரவாயில்லை. மெல்லிய பைப்பில் கரண்டைக் கூட்டி 3.15 மி.மீ. வெல்டிங் ராடு பிடித்தால் ஓட்டை விழும். அதற்குப் பயந்து நாலு பக்கமும் வெல்டிங் ஓட்டாமல் இரண்டு பக்கம் டேக் (பொட்டு வெல்டிங்) வைத்து விட்டுவிடுகிறார்கள். இடைவெளியில் பட்டி (அடைக்கும் பசை); மேலே கிரைண்டர், அதற்கு மேல் பெயிண்ட். பார்க்க வழவழவென்று இருக்கும். சுரண்டினால் வெள்ளையாகப் பொடி உதிரும். பெயிண்டுக்கு முன்பே போய் ஒவ்வொரு இணைப்பையும் கீழிருந்து பாருங்கள். வெல்டிங் கசடு தட்டாமல் இருந்தால் சுத்தியலால் தட்டச் சொல்லுங்கள்.

நம் உப்புக்காற்றில் துரு வெளியே மட்டும் தொடங்குவதில்லை. கால் முனையைத் திறந்தபடி விட்டால் ஈரம் உள்ளே ஏறி, பைப் உள்ளிருந்தே அரிக்கும். வீடு துடைக்கும் தண்ணீர் வேறு. காலடியில் தகடு வைத்து முழுதும் ஓட்டி மூடிய பிறகே ரப்பர் புஷ் மாட்ட வேண்டும். (1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்திலேயே அரிப்பு முற்றி 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். கட்டில் எம்மாத்திரம்?) ஜிஐ பைப் (துத்தநாகம் பூசியது) என்றால் துருவே பிடிக்காது என்பதும் பாதிப் பொய். ஓட்டும் இடத்தில் துத்தநாகம் எரிந்துவிடும். அங்கே கம்பி பிரஷ் போட்டுத் துத்தநாகப் பெயிண்ட் பூச வேண்டும். சாதாரணப் பைப்பில் வெள்ளிப் பெயிண்ட் அடித்து ஜிஐ என்று விற்பதும் உண்டு. வெட்டிய முனையின் உட்பக்கத்தைப் பாருங்கள், அங்கே பெயிண்ட் எட்டாது. சாதா இரும்புக்கு ரெட் ஆக்சைடு பிரைமர் (துரு தடுக்கும் அடிப்பூச்சு) இரண்டு கோட், அதுவும் துருவையும் எண்ணெயையும் எடுத்த பிறகு.

ஹைட்ராலிக் (மூடியைத் தூக்கிப் பிடிக்கும் தண்டு) வைத்த மூடி என்றால் மெத்தையோடு 70 கிலோ வரை வரும். அதன் தாங்கியை 1.2 பைப்பில் ஓட்டினால் தகட்டோடு பிய்ந்து வரும். வெல்டிங் முழுதும் முடிந்த பிறகே ஹைட்ராலிக்கை மாட்டச் சொல்லுங்கள்; தண்டில் பொறி பட்டால் சீல் கெட்டுக் கசியும். பிளைவுட் எட்டுக்கு நாலடி ஷீட் என்பதால் ஐந்தடி அகலத்துக்கு இணைப்பு வந்தே தீரும். அந்த இணைப்புக்கு நேர் அடியில் பைப் ஓட வேண்டும், இல்லாவிட்டால் அங்கேதான் குழியும். மரைன் பிளை (ஈரம் தாங்கும் பிளைவுட்) என்று காசு வாங்கினால் வெட்டுமுன் ஷீட்டில் ஐ.எஸ். 710 முத்திரையைக் காட்டச் சொல்லுங்கள். 303 இருந்தால் அது வேறு சரக்கு.

முன்பணம் கொடுக்கும்போதே பைப் அளவு, தகட்டுக் கனம், வெற்றுச் சட்டத்தின் எடை, பிளைவுட் எண் எல்லாம் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பாதிப் பணம் வெற்றுச் சட்டத்தை எடை போட்ட பிறகு. ஏமாந்தது பின்னால் தெரிந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம். இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. "கட்டில் 1" என்று மட்டும் எழுதிய ரசீதை வைத்துக்கொண்டு அங்கே 2 மி.மீ. பேசியதை நிரூபிப்பது கஷ்டம்.