அத்லான் 3000ஜி-யா, பென்டியம் ஜி6400-ஆ?

2021-ல் ஒரே மாதத்தில் எங்கள் வீட்டு வகையில் இரண்டு கம்ப்யூட்டர் வாங்கினோம். திருப்பூரில் என் பனியன் கம்பெனி ஆபீசுக்கு ஏஎம்டி அத்லான் 3000ஜி சிப் (ப்ராசஸர்) போட்டது. பெருந்துறையில் நூல் கடை வைத்திருக்கும் மச்சானுக்கு இன்டெல் பென்டியம் கோல்டு ஜி6400. இரண்டிலும் இரண்டு கோர் (கணக்குப் போடும் பகுதி), நான்கு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை). திரையில் படம் காட்டும் கிராபிக்ஸ் பகுதி இந்தச் சிப்புக்குள்ளேயே இருப்பதால் தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டாம். இப்போது காங்கேயத்தில் இருக்கும் சித்தப்பா பையன் அரிசி மில் கணக்குக்கு ஒரு பழைய செட் தேடுகிறான். "அண்ணா, இந்த ரெண்டுல எதை எடுக்கட்டுங்?" என்று போன் போட்டான். அத்லானை எடு என்றேன். ஏன் என்பதை விளக்கமாக எழுதுகிறேன்.

முதலில் பென்டியம் ஜெயிக்கிற இடம். அது 4.0 கிகாஹெர்ட்ஸ், அத்லான் 3.5. ஒரே கோரை நம்பி ஓடும் வேலைகளில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். டேலி என்ற கணக்கு மென்பொருளில் வருஷக் கணக்கைத் திறந்தால், என் ஆபீசில் அத்லான் இருந்தபோது அதைவிட மச்சான் கடையில் கொஞ்சம் சீக்கிரம் திறந்தது. பில் போடுவது, இ-வே பில், ஜிஎஸ்டி தளம், வாட்ஸ்அப் வெப் எல்லாம் இரண்டிலும் சிக்கலில்லை, எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பு) மட்டும் இருக்க வேண்டும். ஹார்டு டிஸ்க்கோடு வாங்கினால் எந்தச் சிப்பும் உங்களைக் காப்பாற்றாது. விண்டோஸ் 11-ஐ இரண்டும் ஏற்கும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டதால் பழைய செட் வாங்குகிறவர்களுக்கு இது முக்கியம். அத்லானின் முந்தைய மாடலான 200ஜிஇ மைக்ரோசாஃப்ட் பட்டியலில் இல்லை. பேர் ஒரே மாதிரி இருக்கிறதே என்று மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

கிராபிக்ஸில் அத்லானின் வேகா 3 தெளிவாக முன்னால் நிற்கிறது, பென்டியத்தின் யுஎச்டி 610 பின்தங்குகிறது. கேம் ஆட நினைக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இதற்குமேல் பேசவே வேண்டியதில்லை. ஏவிஎக்ஸ் என்ற சிறப்புச் சிப் கட்டளைகள் கேட்கும் சில மென்பொருள்கள் ஜி6400-ல் ஓடாது, அத்லானில் ஓடும்.

ரேம் விஷயத்தில் ஒன்று கவனியுங்கள். இந்த வகை கிராபிக்ஸ் கம்ப்யூட்டரின் ரேமிலிருந்துதான் தனக்கு இடம் எடுத்துக்கொள்ளும். என் செட்டில் 8 ஜிபி போட்டும் விண்டோஸ் 5.9 ஜிபி-தான் காட்டியது. பயோஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) போய் கிராபிக்ஸுக்கான பங்கை 512 எம்பி-யாகக் குறைத்த பிறகுதான் டேலி, குரோம் இரண்டும் சேர்ந்து மூச்சுவிட்டன. அப்புறம், ஒரே 8 ஜிபி ஸ்டிக்கைவிட இரண்டு 4 ஜிபி நல்லது. ரேமுக்குப் போகும் பாதை இரட்டிப்பாவதால் வேகா 3-க்கு அதில் நல்ல பலன்.

சரி, நான் அத்லான் பக்கம் சாய்வதற்குக் காரணம் இதெல்லாம் இல்லை. மதர்போர்டுதான்.

இரண்டு கோர் சிப் வாங்குகிறவர் யாரும் அதோடு நிற்பதில்லை. வேலை கூடும், ஆள் கூடும், இரண்டு வருஷத்தில் வேகம் போதாது என்று தோன்றும். அப்போது போர்டு, ரேம், எல்லாவற்றையும் மாற்றுவதா, சிப்பை மட்டும் மாற்றுவதா? பென்டியம் உட்காரும் எல்ஜிஏ1200 சாக்கெட் இரண்டு தலைமுறைக்குத்தான் வந்தது: பத்து, பதினொன்று. அதிலும் மச்சான் போர்டு எச்410. பத்தாம் தலைமுறையோடு அதன் கதை முடிந்தது. ஐ5-10400 போடலாம், நல்ல சிப்தான். ஆனால் நான் விசாரித்த கடைகளில் பழசாகத்தான் கிடைத்தது.

என்னுடையது ஏஎம்4 சாக்கெட், பி450 போர்டு. 2024 கடைசியில் அதே போர்டில் ரைசன் 5 5600ஜி-யைப் புதிதாக வாங்கிப் போட்டேன். ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், அதற்கும் கிராபிக்ஸ் உள்ளேயே. கேபினட், எஸ்எஸ்டி, ரேம், பவர் சப்ளை, விண்டோஸ் எதையும் தொடவில்லை. கழற்றிய அத்லானை ஒரு பழைய ஏ320 போர்டில் உட்காரவைத்தேன், இப்போது மகள் படிப்புக்கு ஓடுகிறது. போட்ட பணத்தில் எதுவும் வீணாகவில்லை.

மாற்றுகிற வேலையில் இரண்டு இடத்தில் நிதானம் வேண்டும். ஒன்று பயோஸ். பழைய பயோஸுக்குப் புது சிப்பை அடையாளம் தெரியாமல் போகலாம், அதனால் அத்லான் உள்ளே இருக்கும்போதே புதிய பயோஸை ஏற்றிவிட்டு, அப்புறம்தான் சிப்பைக் கழற்ற வேண்டும். ஏற்றும்போது கரண்ட் போனால் போர்டே போய்விடலாம், அதனால் யுபிஎஸ் பேட்டரி நன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். சில போர்டுகளில் புது பயோஸ் ஏறினால் பழைய சிப்புகளுக்கான ஆதரவு நீங்கிவிடும். போர்டு கம்பெனியின் பட்டியலைப் படிக்காமல் கை வைக்கக் கூடாது.

இரண்டாவது, சிப்பின் மேல் உட்கார்ந்து சூட்டைத் தணிக்கும் கூலரைக் கழற்றுவது. எங்கள் ஆபீசுக்குப் பக்கத்திலேயே கட்டிங் டேபிள். கேபினட்டைத் திறந்தால் ஹீட்சிங்க் (கூலரின் உலோகத் தகடுகள்) இடுக்கெல்லாம் பஞ்சு, மெத்தைபோலப் படிந்திருந்தது. ப்ளோயர் அடித்தபோது ஒரே துண்டாகப் பிய்ந்து வந்தது. அத்லான் வெறும் 35 வாட் சிப், கூடவே வரும் கூலரோ 65 வாட் வரை தாங்கும். அத்தனை பஞ்சுக்கும் அது திணறாததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். ஜி6400 58 வாட், ஆனால் மச்சான் கடையில் இந்த அளவுக்குப் பஞ்சு பறப்பதில்லை. அதனால் இதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். கழற்றுவதற்கு முன் கம்ப்யூட்டரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு ஆஃப் செய்தேன், சூட்டில், சிப்புக்கும் கூலருக்கும் நடுவே தடவிய பேஸ்ட் இளகும். கொக்கியை எடுத்து, கூலரை இடமும் வலமுமாக மெல்லத் திருகி, அது வழுக்கத் தொடங்கிய பிறகே தூக்கினேன். நேராக இழுத்தால் காய்ந்த பேஸ்ட் சிப்பையும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும், அடியில் உள்ள ஊசி போன்ற பின்கள் வளையும். ஏஎம்4-ல் பின்கள் சிப்பில் இருக்கின்றன, இன்டெலில் போர்டில்.

எச்510 போர்டோடு ஜி6400 மலிவாக வந்தால் தம்பி அதையும் பார்க்கலாம், அதில் பதினொன்றாம் தலைமுறை ஏறும். அந்தப் போர்டை நான் ஓட்டிப் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் கோயம்புத்தூர் போகிறோம். அத்லான் செட் கிடைத்தால் சிப்பைக் கழற்றிக் காட்டச் சொல்லி, போன் டார்ச்சைச் சாய்த்து அடித்து அந்தப் பின்களின் வரிசைகளைப் பார்ப்பேன். வளைந்த பின் ஒன்று இருந்தாலும் அதன் நிழல் மட்டும் வரிசையை விட்டு விலகித் தெரியும்.