முசாஷி: யோஷிகாவாவின் தொடர்கதையா, இனோவேயின் மாங்காவா?

ஒன்றைத்தான் படிக்க நேரம் உண்டு என்றால் நாவலைப் படியுங்கள். இரண்டுக்கும் நேரம் உண்டு என்றாலும் நாவல்தான் முதலில். காரணம், முசாஷியின் எதிரியான வாள்வீரன் கொஜிரோ.

எய்ஜி யோஷிகாவா 1935 முதல் 1939 வரை ஜப்பானின் அசாஹி நாளிதழில் எழுதிய தொடர்கதை ‘மியமோட்டோ முசாஷி’. 1600இல் செகிகஹாரா போர்க்களத்தில் பிணங்களுக்கு நடுவே உயிரோடு கிடக்கும் தகெசோ என்ற முரட்டுப் பையன், முசாஷி என்ற வாள்வீரனாக வளர்வதுதான் கதை. தகேஹிகோ இனோவே 1998இல் இதையே ‘வேகபாண்ட்’ என்ற மாங்காவாக, அதாவது ஜப்பானியப் படக்கதையாக, வரையத் தொடங்கினார். நண்பன் மாதாஹாச்சி, ஓட்சு, தகெசோவை மரத்தில் கட்டித் தொங்கவிடும் துறவி தகுவான் என்று ஆரம்ப பாகங்கள் நாவலை ஒட்டியே போகின்றன. அப்புறம் வழி பிரிகிறது.

கியோட்டோவில் யோஷியோகா வாள்பயிற்சிப் பள்ளியோடு நடக்கும் கடைசிச் சண்டையைப் பாருங்கள். நாவலில் அந்தப் பள்ளி ஒரு சிறுவனைப் பெயருக்குத் தலைவனாக நிறுத்துகிறது. முசாஷி முதலில் வெட்டுவது அவனைத்தான். அந்தப் பழி பிறகும் முசாஷியைத் துரத்துகிறது. மாங்காவில் சிறுவன் இல்லை. எழுபது பேர், ஒரே ஆள், பக்கம் பக்கமாக ரத்தமும் மூச்சிரைப்பும். ஓவியம் என்று பார்த்தால் இதற்கு ஈடு கிடையாது. ஆனாலும் அந்தச் சிறுவனை எடுத்தது எனக்கு இழப்பாகவே படுகிறது. நாயகனை வெறுக்கவைக்கும் துணிச்சல் யோஷிகாவாவுக்கு இருந்தது.

கொஜிரோ விஷயத்தில் நிலைமை தலைகீழ். நாவலின் கொஜிரோ பகட்டான உடையும் குரங்குக்குட்டியுமாகக் கப்பலில் அறிமுகமாகிறான். சீண்டியவனின் குடுமியை அறுக்கிறான். திறமைசாலி, ஆனால் திமிர் பிடித்தவன். அவன் தோற்க வேண்டும் என்று நாமே காத்திருப்போம். இனோவேயோ அவனைக் காது கேளாதவனாக்கினார். முசாஷியை ஓரமாக வைத்துவிட்டு, 14ஆம் பாகத்திலிருந்து பல பாகங்களை அவனுக்கே கொடுத்தார். பேச்சே இல்லாத ஒருவனை முகத்தையும் கையையும் வைத்தே புரியவைக்கிறார். பேனாவை விட்டுத் தூரிகைக்கு மாறியதும் இந்தக் கட்டத்துக்கு அவ்வளவு பொருந்துகிறது.

சரி, இப்படி நேசிக்கவைத்த ஒருவனை எப்படிக் கொல்வது? 37 பாகங்கள் வந்தன. 2015க்குப் பிறகு கதை நின்றுவிட்டது. இருவரும் கடைசியாக மோத வேண்டிய கன்ரியூ தீவுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. கடைசி பாகங்களில் முசாஷி, இயோரி என்ற சிறுவனோடு வறண்ட மண்ணைக் கொத்திக்கொண்டிருக்கிறான். சண்டை தேடி வந்தவர்களுக்கு அலுப்பாக இருக்கலாம். எனக்கு மாங்காவின் உச்சமே அதுதான்.

முடிவு வேண்டுமென்றால் யோஷிகாவாவிடம்தான் போக வேண்டும். சார்லஸ் டெர்ரியின் ஆங்கில மொழிபெயர்ப்பு (1981) சுருக்கப்பட்டதுதான், அதுவே 900 பக்கங்களுக்கு மேல். தாமதமாக வரும் முசாஷி, படகுத் துடுப்பைச் செதுக்கிய மர வாளோடு இறங்குகிறான். கொஜிரோ வாள் உறையை வீசி எறிந்ததும், “தோற்றுவிட்டாய்” என்கிறான் முசாஷி. ஜெயிக்கப் போகிறவனுக்கு உறை வேண்டுமே!

அதைப் படித்துவிட்டு மாங்காவின் பனிக்காலப் பக்கங்களுக்குத் திரும்பினேன். யார் எவர் என்று தெரியாமல் இருவரும் கியோட்டோவில் சந்தித்து, குச்சிகளை வைத்து விளையாடுகிறார்கள். கொஜிரோ சிரிக்கிறான்.