தோளுக்குக் கத்தி வைப்பதா, வேண்டாமா: சிங்கப்பூரில் பார்த்தது

பெர்த்திலிருந்து ஊருக்கு வந்ததே சொந்தபந்தங்களைப் பார்த்து, தேக்காவில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போகத்தான். ஆனால் விடுமுறையில் பாதி மருத்துவமனையில் கழிந்தது. அக்கா மகன் சிங்கப்பூர் பிரிமியர் லீக்கில் கோல்கீப்பர். இடது தோள்மூட்டு இரண்டாவது தடவையாக விலகிவிட்டது. வீட்டில் ஆளுக்கொரு யோசனை. "தம்பி, நீயாவது கூடப் போயிட்டு வா" என்றார் அக்கா.

முதலில் போனது ஒரு தனியார் கிளினிக். பெயர் வேண்டாம். காலையில் போன் போட்டால் மதியமே நேரம் கிடைக்கிறது, உபசரிப்புக்கும் குறைவில்லை. ஆனால் எம்ஆர்ஐ படத்தை டாக்டர் திறந்து பார்ப்பதற்கு முன்பே, முகப்பில் இருந்தவர் அறுவை சிகிச்சை பேக்கேஜ் தாளை நீட்டிவிட்டார். எத்தனை ஆயிரம் வெள்ளி என்பது இருக்கட்டும், எதற்கு என்றே இன்னும் தெரியவில்லையே!

அப்புறம் சாங்கி பொது மருத்துவமனை. அங்கே விளையாட்டு மருத்துவத்துக்கென்றே தனி நிலையம் இருக்கிறது. பலதுறை மருந்தகம் என்கிற பாலிகிளினிக்கின் கடிதத்தோடு போனால் குடிமக்களுக்குச் சலுகைக் கட்டணம். ஆனால் இந்த டாக்டர்தான் வேண்டும் என்று கேட்க முடியாது. எங்களுக்கு வாய்த்தவர் நல்லவர்.

பயலைப் படுக்கவைத்து, முழங்கையை மடக்கி, கையைத் தோள் உயரத்துக்குக் கொண்டுபோய் மெல்ல வெளிப்பக்கம் திருப்பினார். பாதிகூடத் திரும்பவில்லை, மற்ற கையால் கட்டில் விளிம்பை இறுக்கிப் பிடித்துவிட்டான்.

"வலிக்குதா, கழன்றுடும்போல இருக்கா?"

"கழன்றுடும்போல இருக்கு டாக்டர்."

அவருக்குத் தெரியவேண்டியது அதுதான். தோள்மூட்டு என்பது சின்னக் கரண்டியில் எலுமிச்சம்பழத்தை வைத்த மாதிரி. பழம் உருளாமல் விளிம்பில் பிடித்துக்கொள்வது லேப்ரம் என்ற வளையம். இவனுக்கு அது முன்பக்கம் பிய்ந்திருக்கிறது. அதை மட்டும் நுண்துளை வழியாக எலும்போடு சேர்த்துத் தைத்தால் பேங்கார்ட் சிகிச்சை. எலும்பு விளிம்பே நிறையத் தேய்ந்திருந்தால் அந்தத் தையல் தாங்காது. பக்கத்து எலும்பில் ஒரு துண்டை வெட்டி, திருகாணி போட்டு முன்னால் பொருத்த வேண்டும். அது லாட்டார்ஜே. சிடி ஸ்கேனில் எலும்பை அளந்துவிட்டுப் பேசுவோம் என்றார். அந்த பேக்கேஜ் தாளில் சிடி என்ற பேச்சே இல்லை.

"சீசன் முடியட்டுமே மாமா" என்று என்னைப் பார்த்து இழுத்தான். பதில் சொன்னவர் கூட இருந்த பிசியோ, அதாவது இயன்முறை சிகிச்சையாளர். தோளை அசையாமல் பிடிக்கும் பிரேஸ் என்ற பட்டையைக் கட்டி, தசையைப் பலப்படுத்தி மிச்ச ஆட்டங்களைச் சமாளிப்பவர்கள் உண்டாம். ஆனால் பிரேஸ் கையை மேலே தூக்கவிடாது. கை தூக்க முடியாத கோல்கீப்பரை வைத்து என்ன செய்வது? எந்தப் பக்கம் பாய்வாய், எப்படி விழுவாய் என்று தரையிலேயே செய்துகாட்டச் சொன்னார். டாக்டர் கேட்ட கேள்வி வேறு: கிளப் ஒப்பந்தம் எப்போது முடிகிறது? இந்த வயதில் இரண்டு தடவை விலகிய மூட்டு மறுபடி விலக வாய்ப்பு அதிகம், ஒவ்வொரு தடவையும் எலும்பு இன்னும் கொஞ்சம் போகும் என்று சொல்லிவிட்டு, முடிவை அவனிடமே விட்டார்.

நானும் சும்மா இருக்காமல் ஷ்ரேயாஸ் ஐயரை இழுத்தேன். 2021 மார்ச்சில் புனேயில் தோள் விலகி, ஏப்ரலில் அறுவை சிகிச்சை முடித்து, செப்டம்பரில் ஐபிஎல் ஆடினாரே! பிசியோ சிரித்தார். "அவர் பேட்ஸ்மேன் சார். இவர் தினமும் தோளைத் தரையில் அடிக்கிறவர். ஆறு மாதத்துக்குக் குறைத்து நினைக்காதீங்க."

சிடியில் எலும்பு இழப்பு கொஞ்சம்தான். பேங்கார்ட் போதும், சீசனை விட்டுவிடுகிறேன் என்று அவனே சொல்லிவிட்டான். காப்புறுதி நிறுவனத்தின் முன் அனுமதிதான் இழுத்தடித்தது; நான் விமானம் ஏறும்வரை வரவில்லை. பிறகு வந்துவிட்டதாக அக்கா செய்தி அனுப்பினார். தேதியும் குறித்தாயிற்று.