பூட்டா, நிறமா, புள்ளிகளா: மெசேஜ் செயலிகள் பாதுகாப்பைச் சொல்லும் விதம்

அம்மா தன் போனை என்னிடம் நீட்டினார். "பாதுகாப்புக் குறியீடு மாறிடுச்சுன்னு வந்திருக்குப்பா. யாராவது உள்ள புகுந்துட்டாங்களா?" பெரியம்மாவுடன் அவர் பேசும் சாட்டின் நடுவே சின்ன எழுத்தில் ஒரு வரி. பெரியம்மா புதுப் போனுக்கு மாறியிருந்தார், அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த வரியில் "புதுப் போன்" என்ற பேச்சே இல்லை. பயந்துபோய் அம்மா மூன்று நாளாகப் பெரியம்மாவுக்கு ஒன்றுமே அனுப்பாமல் இருந்திருக்கிறார்.

குறியீடு மாறியது என்னவோ உண்மைதான். ஆனால் அம்மாவுக்குத் தெரிய வேண்டியிருந்தது இரண்டே விஷயம்: அந்தப் பக்கம் இருப்பது அக்காதானா? நாங்கள் பேசுவதை வேறு யாராவது பார்க்கிறார்களா? என்க்ரிப்ஷன் (செய்தியை மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டுவது), அந்தப் பூட்டுக்கான சாவி, குறியீடு எல்லாம் சுவருக்குள் ஓடும் குழாய் மாதிரி. வீட்டில் இருப்பவருக்கு அது கண்ணில் படவேண்டிய அவசியமில்லை. இந்த இரண்டு கேள்விக்கும் எந்தச் செயலி நேராகப் பதில் சொல்கிறது என்பதை வைத்தே இங்கே ஒப்பிடுகிறேன்.

பூட்டும் நிறமும்

பாதுகாப்பு என்றதும் வடிவமைப்பாளர்களின் கை முதலில் போவது பூட்டுப் படத்துக்குத்தான். அது எவ்வளவு தூரம் புரிகிறது என்பதற்கு பிரவுசர் உலகத்தில் நல்ல பாடம் இருக்கிறது. குரோம் முகவரிப் பட்டையில் இருந்த பூட்டுக்குச் சரியான அர்த்தம் தெரிந்தவர்கள், கூகுள் 2021-இல் நடத்திய ஆய்வில் 11 சதவீதம் பேர் மட்டுமே. மற்றவர்களில் பலர் "இந்தத் தளம் நம்பகமானது" என்று எடுத்துக்கொள்வார்கள். பூட்டு சொல்வதோ "வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது" என்பதை மட்டும். ஏமாற்றுத் தளத்துக்கும் அதே பூட்டு கிடைக்கும். 2023 செப்டம்பரில் குரோம் அந்தப் படத்தையே எடுத்துவிட்டது. அதற்கு முன்பே, 2018 ஜூலையில், என்க்ரிப்ஷன் இல்லாத தளங்களுக்கு "பாதுகாப்பானது அல்ல" என்று எழுதத் தொடங்கியிருந்தார்கள். நல்லதைப் பாராட்டுவதை விட்டுவிட்டுக் கெட்டதை மட்டும் சுட்டுவது என்ற அந்த மாற்றம் எனக்கு மிகவும் பிடித்தது.

சிக்னல் என்ற மெசேஜ் செயலி இதைத் தன் சொந்த அனுபவத்தில் கண்டது. ஆண்ட்ராய்டில் அதே செயலியில் எஸ்எம்எஸ்ஸும் அனுப்ப முடிந்த காலம் ஒன்று இருந்தது. என்க்ரிப்ஷன் இல்லாத எஸ்எம்எஸ்ஸாகப் போனால் அனுப்பும் பட்டனில் திறந்த பூட்டு தெரியும். அந்தக் குட்டிப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் எல்லாரும் அனுப்புவார்கள் என்று எப்படி எதிர்பார்க்க முடியும்? 2022 அக்டோபரில் எஸ்எம்எஸ் வசதியையே நிறுத்துவதாக அறிவித்தார்கள். எது பாதுகாப்பாகப் போகிறது, எது போகவில்லை என்ற குழப்பம் அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று.

ஐபோனின் நீலமும் பச்சையும் இதற்கு நேர் எதிர்: இன்னொரு ஐபோனுக்குப் போகும் மெசேஜ் நீலமாகத் தெரியும், எஸ்எம்எஸ் பச்சையாக. பூட்டு யார் கண்ணிலும் படுவதில்லை, இந்த நிறம் எல்லார் கண்ணிலும் படுகிறது. ஆனால் அதிலிருந்து மக்கள் கற்றுக்கொண்டது "அவரிடம் ஐபோன் இருக்கிறதா இல்லையா" என்பதைத்தான். நீலம் என்றால் என்க்ரிப்ஷன் உண்டு என்று எத்தனை பேருக்குத் தோன்றும்? அப்புறம் 2024-இல் எஸ்எம்எஸ்ஸுக்கு அடுத்த தலைமுறையான ஆர்சிஎஸ் ஐபோனுக்கு வந்தபோது அதையும் பச்சையிலேயே சேர்த்துவிட்டார்கள்.

எல்லாருக்குமா, கேட்டவருக்கு மட்டுமா

வாட்ஸ்அப் 2016 ஏப்ரலில் எல்லா சாட்டுக்கும் எண்ட்-டு-எண்ட் என்க்ரிப்ஷனைக் கொண்டுவந்தது. அதாவது, அனுப்புபவரும் பெறுபவரும் தவிர நடுவில் உள்ள சர்வர்கூடப் படிக்க முடியாது. பயனர் எந்தப் பட்டனையும் அழுத்த வேண்டியதில்லை. சாட்டின் தலையில் ஒரு மஞ்சள் பட்டை, அதோடு சரி. டெலிகிராமில் இந்தப் பாதுகாப்பு "ரகசிய சாட்" என்ற தனி அறைக்குள் மட்டும்தான். ஒவ்வொருவருடனும் தனியாகத் திறக்க வேண்டும், அது திறந்த கருவியிலேயே இருக்கும், குழுக்களுக்குக் கிடையாது.

டெலிகிராமுக்கு நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அந்த அறைக்குள் போய்விட்டால் பூட்டும் பச்சை நிறமும் வேறுபாட்டைத் தெளிவாகவே காட்டுகின்றன. ஆனாலும் இந்த வடிவமைப்பு தவறு என்பதுதான் என் முடிவு. "ரகசியம்" என்று பெயர் வைத்தவுடன், எதையோ மறைக்கிறவர்களுக்கான இடம் என்று ஆகிவிடுகிறது. மீதி சாட்களுக்கு என்ன பாதுகாப்பு என்று திரை வாய் திறப்பதே இல்லை. டெலிகிராமில் எல்லாமே என்க்ரிப்ட் ஆகிறது என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

இந்தச் சிக்கல் பழையது. 1999-இல் அல்மா விட்டன், டைகர் என்ற இரு ஆய்வாளர்கள் பிஜிபி 5.0 மென்பொருளை 12 பேரிடம் கொடுத்து, 90 நிமிடத்துக்குள் மின்னஞ்சலை என்க்ரிப்ட் செய்து அனுப்பச் சொன்னார்கள். பெரும்பாலானவர்களால் முடியவில்லை. மூன்று பேர் ரகசியத்தை அப்படியே வெறும் எழுத்தாக அனுப்பிவிட்டார்கள். பாதுகாப்பைத் தேர்ந்தெடுக்கும் வேலையைப் பயனர் தலையில் கட்டினால் இதுதான் நடக்கும். ஃபேஸ்புக் மெசஞ்சரும் 2016-இல் தனி அறை முறையில் தொடங்கி, 2023 டிசம்பரில்தான் எல்லாருக்கும் தானாகவே கிடைக்கும் முறைக்கு மாறத் தொடங்கியது.

அந்தப் பக்கம் இருப்பது யார்?

இங்கேதான் உண்மையான போட்டி.

வாட்ஸ்அப்பிலும் சிக்னலிலும் இருவருக்கும் பொதுவாக 60 இலக்க எண் ஒன்று இருக்கும், ஐந்தைந்தாகப் பிரித்து 12 கட்டாக. அம்மாவின் திரையில் வந்த "பாதுகாப்புக் குறியீடு" இதுதான். இரண்டு போனிலும் ஒன்றாக இருந்தால் நடுவில் யாரும் இல்லை என்று அர்த்தம். நேரில் பார்த்தால் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்துவிடலாம். தொலைவில் இருந்தால் அறுபது எண்ணையும் வாசித்துச் சரிபார்க்க வேண்டும். யார் செய்வார்கள்? டெலிகிராம் அழைப்புகளில் திரையின் மேலே நான்கு எமோஜி வரும். "உனக்கும் இதேதானா?" என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டுவிடலாம், ஐந்து நொடி வேலை. இந்த ஒரு இடத்தில் டெலிகிராம் தெளிவாக முந்துகிறது.

ஆனால் என் ஓட்டு த்ரீமா என்ற இன்னொரு மெசேஜ் செயலியின் மூன்று புள்ளிகளுக்கு. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் புள்ளிகள் இருக்கும். ஒரு சிவப்புப் புள்ளி என்றால், இவர் யாரென்று செயலிக்குத் தெரியாது. இரண்டு ஆரஞ்சு என்றால், உங்கள் முகவரிப் புத்தகத்தில் உள்ள எண்ணோடோ மின்னஞ்சலோடோ பொருந்துகிறார். மூன்று பச்சை என்றால், நீங்களே நேரில் ஸ்கேன் செய்து உறுதி செய்தவர். நிஜ வாழ்க்கையில் நாம் மனிதர்களை அறிந்திருப்பதும் இப்படித்தான்: முன்பின் தெரியாதவர், தெரிந்தவர், கண்ணால் பார்த்தவர். மெனுவுக்குள் தேட வேண்டாம், பெயரைப் பார்க்கும்போதே அதுவும் தெரிகிறது.

குறையும் உண்டு. சிவப்பைப் பார்த்தால் ஆபத்து என்றுதான் தோன்றும். தப்பு எதுவும் நடக்காதபோதும் அது மிரட்டுகிறது. அந்த இடத்தில் சாம்பல் நிறம் போதும்.

சாவி மாறும்போது

2017 ஜனவரியில் தி கார்டியன் பத்திரிகை, வாட்ஸ்அப்பில் "பின்வாசல்", அதாவது மற்றவர் உள்ளே பார்க்க ஒரு ரகசிய வழி, இருப்பதாக எழுதியது. நடந்தது இதுதான்: பெறுபவர் போனை மாற்றினால், இன்னும் போய்ச் சேராத செய்திகளைப் புதுச் சாவியில் பூட்டி, அனுப்பியவரைக் கேட்காமலேயே செயலி மறுபடி அனுப்பிவிடும். செய்தி தொலையக் கூடாது என்பதற்காக எடுத்த முடிவு அது. பாதுகாப்பு வல்லுநர்கள் பலர் சேர்ந்து ஆட்சேபித்தார்கள். பின்னர் பத்திரிகை அந்தச் சொல்லை எடுத்துவிட்டது. வல்லுநர்கள் பக்கம்தான் நானும். ஒவ்வொரு போன் மாற்றத்துக்கும் வழிமறித்து நின்றால், மக்கள் படிக்காமலே "சரி" அழுத்தப் பழகிவிடுவார்கள்.

இருந்தாலும் சிக்னல் எடுத்த நடுவழி இன்னும் மேல். சாதாரணமாக ஒரு குறிப்பை மட்டும் காட்டுகிறது. நீங்கள் நேரில் சரிபார்த்து உறுதி செய்த ஒருவரின் எண் மாறினால் மட்டும் அனுப்பும் முன் நிறுத்திக் கேட்கிறது. அக்கறை எடுத்தவருக்கு அழுத்தமான எச்சரிக்கை, மற்றவருக்கு மெல்லிய குறிப்பு. ஆனால் வாசகம் எங்குமே சரியில்லை. "பெரியம்மா புதுப் போனுக்கு மாறியிருக்கலாம், அல்லது செயலியை மறுபடி நிறுவியிருக்கலாம். சந்தேகமாக இருந்தால் அவரிடமே பேசிக் கேளுங்கள்" என்று எழுத எத்தனை எழுத்து கூடுதலாகிவிடும்?

திரை சொல்லாமல் விடுவது

வேறு யார் பார்க்கிறார்கள் என்ற கேள்வியில் யாருக்கும் நல்ல மதிப்பெண் இல்லை. வாட்ஸ்அப்பின் மஞ்சள் பட்டை செய்தியைப் பற்றிப் பேசுகிறது, பேக்கப்பைப் பற்றிப் பேசுவதில்லை. பேக்கப்புக்கான என்க்ரிப்ஷன் 2021 அக்டோபரில் வந்தது, அதுவும் நாமே தேடிப்போய் ஆன் செய்தால்தான். நீங்கள் ஆன் செய்தும் எதிரில் இருப்பவர் செய்யவில்லை என்றால், அதே உரையாடல் அவருடைய பேக்கப்பில் திறந்து கிடக்கும்.

குழுக்களில் இது இன்னும் மோசம். 2025 மார்ச்சில் அமெரிக்க அரசின் உயர் அதிகாரிகள் ராணுவத் தாக்குதல் பற்றிப் பேசிய சிக்னல் குழுவில், பத்திரிகை ஆசிரியர் ஜெஃப்ரி கோல்ட்பர்க் தவறுதலாகச் சேர்க்கப்பட்டிருந்தார். என்க்ரிப்ஷனில் ஒரு கீறல்கூட விழவில்லை. அவர் பெயர் அங்கே வெறும் "ஜேஜி" என்று தெரிந்தது. தாக்குதல் நடந்து முடியும்வரை யாரும் கவனிக்கவில்லை. அந்த இரண்டு எழுத்துக்குப் பக்கத்தில், "இந்தக் குழுவில் இவரை இதுவரை யாரும் நேரில் உறுதி செய்யவில்லை" என்று ஒரு சாம்பல் புள்ளி இருந்திருக்கலாம்.