பேட்மேனா, ஸ்பைடர்மேனா: நீதிமன்றத்தில் யார் தேறுவார்?

பேட்மேனிடம் கோடிக்கணக்கில் பணம் இருக்கிறது. காவல்துறை ஆணையர் கோர்டனின் நட்பும் இருக்கிறது. ஸ்பைடர்மேனுக்கு வீட்டு வாடகைக்கே தாளம். அமெரிக்கச் சட்டத்தின் முன் இருவரையும் நிறுத்தினால் பணக்காரர்தான் சுலபமாகத் தப்புவார் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். சட்டத்தைக் கொஞ்சம் புரட்டிய பிறகு அந்த எண்ணம் தலைகீழாகிவிட்டது.

நள்ளிரவு. பூட்டிய கிடங்கின் கூரையைப் பிரித்து இறங்குகிறார் நம் நாயகர். போதைப்பொருள் மூட்டைகளை வெளியே இழுத்துப் போட்டு, கடத்தல்காரனைக் கம்பத்தில் கட்டிவிட்டு மறைகிறார். நீதிபதியின் சோதனை ஆணை இல்லாமல் காவலர் இப்படிச் செய்திருந்தால், அந்த மூட்டைகளைப் பொதுவாகச் சாட்சியமாக ஏற்க மாட்டார்கள். அரசியல் சாசனத்தின் நான்காம் திருத்தம் தரும் பாதுகாப்பு அது. ஆனால் அந்தத் திருத்தம் அரசாங்கத்தை மட்டுமே கட்டுப்படுத்தும், தனியார் தாமாகக் கைப்பற்றித் தந்ததற்கு அது பொருந்தாது என்று 1921இலேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பேட்மேன் மாட்டுவது இங்கேதான். "காவல் தலைமையகக் கூரையில் இவரைக் கூப்பிடும் வௌவால் விளக்கை வைத்தது யார்? அதற்கு மின்கட்டணம் கட்டுவது யார்?" என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இரண்டே கேள்விகள் கேட்டால் போதும். ஆணையர் கூப்பிட்டார், இவர் வந்தார், வேலையை முடித்தார் என்றால் இவர் அரசின் கையாள். மூட்டைகள் சாட்சியத்திலிருந்து நீங்கும், கடத்தல்காரன் வீட்டுக்குப் போவான். போகிற போக்கில், 1871ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டப்படி பேட்மேன் மீதே நஷ்டஈட்டு வழக்கும் போடுவான்.

ஸ்பைடர்மேனையோ காவல்துறையே துரத்துகிறது. அவர் ஊருக்கே ஆபத்து என்று ஜேமிசன் தன் பத்திரிகையில் ஓயாமல் எழுதுகிறார். அந்தத் தலையங்கங்களைக் கத்தரித்து அரசு வழக்கறிஞரே நீதிமன்றத்தில் தாக்கல் செய்யலாம்: இவருக்கும் எங்களுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை என்பதற்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? அத்துமீறி நுழைந்ததும் ஆளைக் கட்டிப்போட்டதும் குற்றம்தான். அது இருவருக்கும் பொது. முகமூடியோடு சாட்சிக் கூண்டில் ஏறுவதும் இருவருக்குமே கஷ்டம்.

முகமூடி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நியூயார்க்கில் 1845 முதல் முகமூடித் தடைச் சட்டம் ஒன்று இருந்தது. குத்தகை விவசாயிகள் மாறுவேடம் போட்டு நிலக்கிழார்களை எதிர்த்த காலத்தில் வந்தது. பெருந்தொற்று வந்த 2020இல்தான் நீக்கினார்கள். முகம் மறைத்த பலர் பொது இடத்தில் கூடுவதைத்தான் அது தடுத்தது. ஆகவே அப்போதும் ஸ்பைடர்மேன் தனியாகத் தாவினால் குற்றமில்லை. டேர்டெவில் என்ற இன்னொரு முகமூடி நாயகரோடு தெருமுனையில் நின்று பேசினால்தான் வம்பு.

பணக் கணக்கிலும் பேட்மேனுக்கு நிம்மதி இல்லை. முகமூடிக்குள் இருக்கும் புரூஸ் வேய்னின் நிறுவனத்தில் வெளிப் பங்குதாரர்கள் இருந்தால், ஆராய்ச்சிப் பிரிவின் வண்டியும் கவசமும் முதலாளியின் இரவு வேலைக்குப் போனது கையாடல். பங்குதாரர்கள் நிறுவனத்தின் சார்பில் அவர் மீதே வழக்குத் தொடரலாம். 2010இல் வந்த கதையிலோ, பேட்மேனுக்குப் பணம் கொடுப்பதே நான்தான் என்று புரூஸ் வேய்ன் ஊரறிய அறிவித்துவிட்டார். சுவர் இடிந்தவர், கால் ஒடிந்தவர் எல்லோருக்கும் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று அவரே முகவரி கொடுத்த மாதிரி.

ஸ்பைடர்மேனாகிய பீட்டர் பார்க்கரின் கணக்கு சின்னது. தன்னைத் தானே படம் பிடித்துப் பத்திரிகைக்கு விற்கிறார். சம்பளக்காரர் இல்லை என்பதால் வருமான வரிக்கு மேல் சுயதொழில் வரி 15.3 சதவீதம். கேமரா செலவைக் கழித்துக்கொள்ளலாம். வலைத் திரவத்தைக் கழிக்க வேண்டுமானால் காரணத்தைப் படிவத்தில் எழுத வேண்டும், அங்கேதான் சிக்கல்.

அவருடைய பெரிய தொல்லை வங்கிக் கவுண்டர். 1963இல் அவர் பெயரிலேயே தொடங்கிய படக்கதைத் தொடரின் முதல் இதழிலேயே அந்தக் காட்சி இருக்கிறது. வேடிக்கை காட்டிச் சம்பாதித்த காசோலை 'ஸ்பைடர்மேன்' என்ற பெயரில் வருகிறது. அடையாள அட்டை எங்கே என்கிறார் வங்கி ஊழியர். இவர் உடையைக் காட்டுகிறார். உடையை யாரும் போடலாமே என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். காசோலை யாரை நினைத்து எழுதப்பட்டதோ அவருக்கே உரியது, புனைபெயராக இருந்தாலும் செல்லும் என்பதே இன்றைய அமெரிக்க வணிகச் சட்டம். ஆனால் ஆள் அவர்தான் என்று கவுண்டரில் நிரூபிக்க வேண்டுமே! 2001க்குப் பிறகு, அடையாளம் காட்டாமல் அங்கே கணக்குத் தொடங்கவும் வழியில்லை.

நான் வழக்கறிஞராக இருந்தால் ஸ்பைடர்மேன் வழக்கைத்தான் எடுப்பேன். கட்டணத்தை மட்டும் ரொக்கமாகக் கேட்டுவிடுவேன்.