கிரென்ஃபெல் விசாரணைப் பதிவுகள்: பொறுமை இருந்தால் அவசியம் படியுங்கள்

லண்டனின் கிரென்ஃபெல் டவர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்த தீ விபத்து குறித்த பொது விசாரணையின் பதிவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நான் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். சாட்சி வாயிலிருந்து வந்ததும் தாளில் ஏறியதும் ஒன்றுதானா என்று பார்த்தே பழகிய கண் என்னுடையது. அந்தக் கண்ணுக்கு இது முதல் தரமான வேலை. அன்றன்றைய விசாரணைக்கு எழுத்துப் பதிவு, காணொளி, சாட்சிக்குக் காட்டிய மின்னஞ்சல்கள் எல்லாம் இருக்கின்றன. பக்கத்துக்கும் வரிக்கும் எண் உண்டு. ‘நான் அப்படிச் சொல்லவில்லை’ என்று பின்னாளில் யாரும் நழுவ முடியாது.

2017 ஜூன் 14 அன்று பற்றிய அந்தத் தீயில் 72 பேர் இறந்தார்கள். 2018 மே மாத அமர்வுகளில் முதலில் பேசியவர்கள் இறந்தவர்களின் குடும்பத்தினர். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள். வெளிச்சுவரில் பதித்த எரியக்கூடிய பலகை, வெப்பக் காப்புப் பொருள், சோதனைச் சான்றிதழ் என்று பின்னால் நீளும் தொழில்நுட்ப விவாதம் யாருக்காக நடக்கிறது என்பது அப்போதுதான் மனதில் நிற்கும்.

எனக்கு மிகவும் பயன்பட்டவை 2022 மார்ச், ஏப்ரல் மாதப் பதிவுகள். 2009இல் இதே லண்டனில் லக்கனல் ஹவுஸ் அடுக்குமாடியில் தீப்பிடித்து ஆறு பேர் இறந்திருந்தார்கள். கட்டட விதிகளின் தீப் பாதுகாப்பு வழிகாட்டியைத் தெளிவாகத் திருத்தச் சொல்லி, மரண விசாரணை அதிகாரி 2013இல் அமைச்சர் எரிக் பிக்கிள்ஸுக்கு எழுதினார். கிரென்ஃபெல் எரிந்த நாள் வரை அந்தத் திருத்தம் வரவில்லை. இதைப் பற்றிக் கேள்வி வந்தபோது, வழிகாட்டிக்குப் பொறுப்பான அதிகாரி, தான் தடுத்திருக்கக்கூடிய தருணங்கள் பல இருந்தன என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அமைச்சராக இருந்த பிக்கிள்ஸோ, சாட்சி சொல்ல வந்த அன்று தனக்கு வேறு வேலை அதிகம் என்று நினைவூட்டினார். கிரென்ஃபெல்லில் இறந்தவர்கள் 96 பேர் என்று தவறாகவும் சொன்னார். அந்தத் தவறான எண்ணுக்காகப் பின்னர் வருத்தம் தெரிவித்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு சாட்சியங்களையும் அடுத்தடுத்துப் படியுங்கள். ஆற்றாமையாக இருக்கும்.

2022 நவம்பரில் விசாரணை வழக்கறிஞர் ரிச்சர்ட் மில்லட் காட்டிய வரைபடத்தையும் விட்டுவிடாதீர்கள். யார் யார் தலையில் பழியைப் போட்டார்கள் என்பது அதில் சிலந்தி வலையாகப் பின்னிக் கிடக்கிறது.

குறை இந்தப் பதிவில் இல்லை, அதைத் தாங்கும் சட்டத்தில் இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் விசாரணைச் சட்டப்படி ஆணையம் யாரையும் குற்றவாளி என்று தீர்மானிக்க முடியாது. போதாததற்கு, சாட்சிகள் வாய்மொழியாகச் சொல்வது அவர்களுக்கு எதிரான குற்ற வழக்கில் பயன்படுத்தப்படாது என்று 2020இல் உறுதியும் அளிக்கப்பட்டது. உண்மை வெளிவர அது தேவை என்ற வாதம் எனக்குப் புரிகிறது. ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் அதை எப்படிச் சொல்வது? 2024 செப்டம்பர் 4 அன்று இறுதி அறிக்கை வந்தது. அத்தனை மரணமும் தவிர்த்திருக்கக்கூடியவை என்றது. பிரதமர் ஸ்டார்மர் அரசின் சார்பில் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். ஏழு ஆண்டு கடந்தும் அந்தத் தீக்குப் பொறுப்பாளி என்று ஒருவர் மீதும் அதுவரை குற்ற வழக்கு இல்லை.

இருந்தும் இதைப் பரிந்துரைக்கிறேன். நம் 1952ஆம் ஆண்டு விசாரணை ஆணையச் சட்டம், அறிக்கையை நடவடிக்கைக் குறிப்புடன் ஆறு மாதத்துக்குள் சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ வைக்கச் சொல்கிறது. சாட்சியம் நடக்கும்போதே நாள்தோறும் மக்கள் கையில் கொடுக்கச் சொல்லவில்லை. கொடுத்தால் எப்படி இருக்கும் என்பதை இங்கே பார்க்கலாம்.

இறுதி அறிக்கை ஏறத்தாழ 1,700 பக்கம், ஏழு தொகுதி. முழுதும் படிக்க நேரமில்லாதவர்கள் முதல் தொகுதியில் உள்ள சுருக்கத்தைப் படித்துவிட்டு, நான் சொன்ன அந்த இரண்டு சாட்சியங்களுக்குப் போங்கள். காணொளியை விட எழுத்துப் பதிவே மேல்; கேள்வி கேட்டது எந்த வரியில், பதில் தொடங்கியது எந்த வரியில் என்று விரல் வைத்துப் பார்க்கலாம்.