பெட்டி வேண்டாம், கையேடு போதும்: வீட்டில் பாடம் சொல்லித் தர நாங்கள் வாங்கியவை

பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித் தருகிறோம் என்று தெரிந்ததிலிருந்து, சென்னையில் நாங்கள் இருக்கும் கல்மண்டபம் பக்கம் யாராவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். "என்ன செட் வாங்கினீங்க? எவ்ளோ ஆச்சு?" பெரியவளுக்கு ஏழு வயது, சின்னவனுக்கு நான்கரை. ஏன் பள்ளிக்கு அனுப்பவில்லை என்பது வேறு கதை, அது இங்கே வேண்டாம். வாங்கியதையும் பயன்படுத்தியதையும் மட்டும் சொல்கிறேன். என் அளவுகோல் ஒன்றே ஒன்றுதான்: பிள்ளை கையில் கொடுக்கப் போகும் புத்தகத்தைவிட, நம் கையில் இருக்க வேண்டிய கையேடு எப்படி இருக்கிறது என்று முதலில் பார்ப்பேன். சொல்லித் தரப்போவது நாம்தானே, நமக்கு வழி தெரிந்தால்தான் பாடம் நகரும்.

முதலில் பெட்டி. வருடம் முழுவதுக்கும் எல்லாமே உள்ளே இருக்கிறது என்று சொல்லி விற்கிறார்களே, அதில் ஒன்றை என் நாத்தனார் ஐந்திலக்க விலை கொடுத்து வாங்கி, அவர் பிள்ளை பள்ளிக்குப் போனதும் எங்களிடம் கொடுத்தார். காகிதம், அச்சு, நிறம் எதிலும் குறையில்லை. ஆனால் பக்கத்தைத் திருப்பினால் பனிமனிதன், ஸ்ட்ராபெர்ரி, இலை உதிரும் காலம். இக்ளூ (பனிக்கட்டி வீடு) படத்தைப் பார்த்த சின்னவன், "இது இட்லியாம்மா?" என்றான். தமிழுக்கு மெல்லிய புத்தகம் ஒன்று, அதுவும் அம்மா, ஆடு, இலையோடு சரி. மணிச்சட்டத்தில் ஒரு வரிசை குறைந்து வந்ததற்கு நாத்தனார் போன் செய்து செய்து ஓய்ந்துபோனார், மணி வரவே இல்லை. ஆனால் அந்தப் பெட்டியில் உருப்படியான ஒன்று இருந்தது: அம்மாவுக்கான தினசரித் தாள். இன்று இதை எடு, இந்தக் கேள்வி கேள், பதில் வராவிட்டால் இப்படி மாற்றிக் கேள் என்று எழுதியிருந்தது. காசு முழுக்க அந்தத் தாளுக்குத்தான் என்று எனக்குப் பட்டது.

அதே வேலையை இலவசமாகச் செய்யும் சரக்கு நம் அரசாங்கத்திடமே இருக்கிறது. கொரோனா விடுமுறையில் விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் தெரியும் அல்லவா? முதலில் ஒன்றிலிருந்து மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான் வந்தது. பிள்ளையின் வகுப்பைப் பார்க்காமல் அதற்கு என்ன தெரியும் என்று பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலையாகப் பிரிக்கிறார்கள். பயிற்சி நூலை விடுங்கள், ஆசிரியர் கையேட்டைப் பதிவிறக்கிப் படியுங்கள். பாட்டு, விரல் பொம்மை, கேட்க வேண்டிய கேள்வி, எந்த எழுத்துக்குப் பின் எந்த எழுத்து என எல்லாம் அதில் இருக்கிறது. குறையும் உண்டு. பல செயல்பாடுகள் வகுப்பு நிறையப் பிள்ளைகளை வைத்து யோசித்தவை. "குழுவாகப் பிரிந்து" என்று வரும் இடத்தில் வீட்டில் ஒரு குழு நான், ஒரு குழு பெரியவள். சில விளையாட்டுகளை அப்படியே விட்டுவிட வேண்டியதுதான்.

தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பள்ளிப் புத்தகங்களும் பிடிஎஃப் ஆக இலவசம்தான். ஆனால் வண்ணத்தில் பிரிண்ட் எடுக்கப் போகாதீர்கள், அச்சிட்ட புத்தகமே மலிவு. நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் பள்ளிக் கல்வித் துறையின் டிபிஐ வளாகம் (இப்போது பேராசிரியர் அன்பழகன் பெயரில் இருக்கிறது) போனால் கிடைக்கும்.

தமிழ் எழுத்துக்கு 247 எழுத்தும் போட்ட சார்ட்டைச் சுவரில் ஒட்டுவது எங்கள் வீட்டில் வெறும் அலங்காரமாகத்தான் நின்றது. நான்கு வயதுக் கைக்கு அ சுழிப்பதே பெரும் பாடு. நேர்க்கோடும் மூலையுமாக இருக்கும் ட, ப இரண்டோடு ம சேர்த்து, ஒரு புள்ளியும் வைக்கத் தெரிந்தால் படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் வந்துவிடும். முதல் வாரத்திலேயே முழுச் சொல் வாசித்துவிட்ட பெருமை பிள்ளைக்கு. ஒன்று, சொல் அட்டையில் படமும் போட்டிருந்தால் அதைக் கைவிரலால் மூடிவிடுங்கள். சின்னவன் பட்டம் என்ற எழுத்தைப் பார்க்காமலேயே படத்தைப் பார்த்து "காத்தாடி" என்று வாசித்துவிட்டு எழுந்து ஓடிவிடுவான்.

கணக்குக்கு என் ஓட்டு, மத்திய அரசின் பாடநூல்களைப் போடும் என்சிஇஆர்டிக்குத்தான். 2023-இல் வந்த ஒன்றாம் வகுப்பு ஜாய்ஃபுல் மேதமேடிக்ஸ், அட்டையில் போட்ட விலை 65 ரூபாய். எண்ணே மூன்றாவது பாடத்தில்தான் வருகிறது. அதற்கு முன் உள்ளே வெளியே, மேலே கீழே, எது உருளும், எது சறுக்கும் என்று பார்க்கவும் தொடவும் வைக்கிறார்கள். பக்கத்தின் அடியில் ஆசிரியருக்கென்று சின்னக் குறிப்பு இருக்கும், அதைத் தாண்டிப் போகாதீர்கள். ஆங்கிலத்தில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம், நாம் படித்துக்கொண்டு தமிழில் பேசிக்கொள்ளலாம். காசு பற்றிய பாடம் வந்தபோது பெரியவளைக் காசிமேடு கூட்டிப் போனேன். நூறு ரூபாய் கொடுத்து மீதி எண்ணி வாங்குவது அவள் பொறுப்பு. மீன்காரம்மா வேண்டுமென்றே பத்து ரூபாய் குறைத்துக் கொடுத்துப் பார்த்தார், இவள் விடவில்லை.

பிள்ளை தொட்டுத் தடவிக் கற்கும் மாண்டிசோரி முறைச் சாமான் பற்றித்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். அதை உருவாக்கிய மரியா மாண்டிசோரி அம்மையார் 1939-இல் அடையாறுக்கே வந்து பயிற்சி கொடுத்தவர், நம் ஊருக்கு அந்நியமான முறையில்லை. விலைதான் அந்நியம். சொரசொரப்பான எழுத்து அட்டை தமிழில் செட்டாகக் கேட்டால் தலை சுற்றுகிற விலை சொல்கிறார்கள். மன்னார்சாமி கோயில் தெருவில் ஹார்டுவேர் கடைக்குப் போய் உப்புத்தாள் கேளுங்கள். நம்பர் முக்கியம். 80 வாங்கினால் விரல் தோல் உரியும், 220 வழவழவென்று இருக்கும், 150 சரியாக வரும். எழுத்தைத் தாளின் முதுகுப் பக்கம் இடவலம் மாற்றி வரைந்துதான் வெட்ட வேண்டும். நேராக வரைந்து வெட்டினால் திருப்பும்போது ழ எந்த மொழி என்றே தெரியாது. நல்ல கத்தரிக்கோலை இதற்குத் தொடாதீர்கள், ஒரே நாளில் மழுங்கிவிடும். பழைய கத்தரி போதும். அடியில் பைண்டிங் அட்டை, உயிரெழுத்துக்கு நீலம், மெய்க்குச் சிவப்பு. ஒட்டியதும் மேலே அம்மிக்கல்லையோ அரிசி டின்னையோ வைத்து ராத்திரி முழுக்க விட வேண்டும். எங்கள் பக்கம் கடற்காற்று, ஈரம் ஏறினால் ஓரம் எழும்பிக்கொள்ளும். அப்புறம், பிள்ளை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்த்துத் தடவ வேண்டும், நாம் எழுதும் திசையிலேயே. அதைக் கவனிக்காவிட்டால் செய்த உழைப்பு வீண்.

மாண்டிசோரியில் பத்து, நூறு சொல்லித் தரும் தங்க நிற மணிகளில் ஒன்றும் பத்தும் மட்டும் மணியும் கம்பியும் வாங்கி நாமே கோத்துக்கொள்ளலாம். நூறுக்குக் கட்டம் போட்ட நோட்டில் பத்துக்குப் பத்து வெட்டினால் ஆயிற்று. ஆயிரத்துக்கான கனசதுரத்துக்குக் காசு போடுவது ஷோகேஸுக்குத்தான்.

நோட்டு, பேப்பர், அட்டை எல்லாவற்றுக்கும் பாரிமுனை ஆண்டர்சன் தெரு. ஹைகோர்ட் மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பயனில்லை. பல கடைகளில் டஜனாகத்தான் தருவார்கள், அதனால் இரண்டு மூன்று வீடு சேர்ந்து போவது லாபம். அட்டைப் படத்தில் மயங்காமல் ஒரு பக்கத்தில் பென்சிலால் கிறுக்கி ரப்பர் வைத்து அழித்துப் பாருங்கள். தாள் நார் நாராக எழும்பினால் வேண்டாம். தமிழுக்கு இரட்டைக் கோடு, ஆங்கிலத்துக்கு நாலு கோடு, கணக்குக்குக் கட்டம். சின்னவனுக்கு எந்தக் கோடும் கிடையாது, வெள்ளைத்தாள்தான். கல் சிலேட்டு கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள், பிளாஸ்டிக் சிலேட்டில் பல்பம் வழுக்குகிறது. பல்பத்தைப் பிள்ளை தின்னாமல் பார்த்துக்கொள்வது உங்கள் சாமர்த்தியம்.

கதைக்குப் பிரதம் புக்ஸ் பதிப்பகம் நடத்தும் ஸ்டோரிவீவர் இணையதளம். 2015-இலிருந்து இருக்கிறது, தமிழில் ஏராளம், வாசிப்புத் திறனுக்கு ஏற்ப நான்கு நிலை. பிரிண்ட் எடுப்பதும் உரிமத்திலேயே அனுமதி. கறுப்பு வெள்ளையில் எடுத்து நடுவில் பின் அடித்துக் கொடுங்கள், வண்ணம் அவர்களே தீட்டிக்கொள்வார்கள். எல்லா மொழிபெயர்ப்பும் ஒரே தரமில்லை. சிலது வாய்விட்டு வாசித்தால் இடறும், முதலில் நாம் ஒருமுறை வாசித்துவிட வேண்டும்.

"நாளைக்குப் பள்ளியில் சேர்க்கணும்னா?" என்பது அடுத்த கேள்வி. ஆறு வயதைத் தாண்டியும் பள்ளியில் சேராத பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவே இடம் கொடுக்கிறது. தேசிய திறந்தநிலைப் பள்ளியில் ஏ, பி, சி என்று நிலைகள் உண்டு, முறையே மூன்று, ஐந்து, எட்டாம் வகுப்புக்குச் சமம். அதனால் இந்த வயதில் "எந்த போர்டு" என்று மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை.

ஆங்கில வாசிப்புக்கு மட்டும் மனதுக்கு ஒப்பின செட் இன்னும் அமையவில்லை. நான் பார்த்தவற்றில் பிள்ளைக்கான நூல்கள் அழகாக இருக்கின்றன, கூடவே வந்த பெற்றோர் குறிப்பு நான்கு வரி. இப்போதைக்கு நம் சென்னைப் பதிப்பகமான தூலிகாவின் தமிழ்-ஆங்கில இருமொழிப் புத்தகங்களை வைத்து ஓட்டுகிறோம். நல்ல கையேடோடு ஏதாவது வாங்கியிருந்தால் சொல்லுங்கள், முதலில் அந்தக் கையேட்டைக் கொடுங்கள், பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிறேன்.